படம் பிடித்தவர்கள் வந்தார்கள், படம் வரவில்லை

பாலாவிச் சந்தியிலிருந்து கற்பிட்டிக்குச் செல்லும் வீதி, மேற்கே கடலையும் கிழக்கே புத்தளம் களப்பையும் வைத்துக்கொண்டு வடக்கு நோக்கி நீள்கின்றது. அந்த வீதியில் குறிஞ்சிப்பிட்டி என்றொரு ஊர் உண்டு. பிட்டி என்றால் மணல்மேடு. கற்பிட்டி, மன்னார்த் தீவின் எருக்கலம்பிட்டி, யாழ்ப்பாணத்தின் அல்லைப்பிட்டி, சிறுப்பிட்டி என்று இலங்கையின் வடக்கிலும் வடமேற்கிலும் இந்தச் சொல் பல ஊர்ப்பெயர்களில் ஒட்டிக்கொண்டிருக்கின்றது. ஐந்திணை படித்தவர்களுக்குக் குறிஞ்சிப்பிட்டி என்ற பெயர் சிறிது வியப்பளிக்கக்கூடும். மலையே இல்லாத நெய்தல் நிலத்துக்குக் குறிஞ்சி எப்படி வந்தது? வேலிகளில் படரும் குறிஞ்சாக் கொடிதான் காரணமாக இருக்கவேண்டும் என்பது எனது ஊகம். ஊகம் மாத்திரமே. தாவரவியல் தெரிந்த வாசகர்கள் என்னைத் திருத்தலாம்.

இந்தக் குடாநாட்டுக்கு நான் முதன்முதலில் சென்றது 1990 நவம்பரில். கொழும்பில் ஒரு நாளேட்டில் செய்தியாளனாக இருந்தேன். அதற்கு முந்திய மாதத்தின் இறுதி நாட்களில் வடமாகாணத்திலிருந்த முஸ்லிம்கள் அனைவரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றியிருந்தார்கள். யாழ்ப்பாண நகரத்தில் ஒக்டோபர் 30 ஆம் திகதி அந்த மக்களுக்கு வழங்கப்பட்ட அவகாசம் இரண்டே மணித்தியாலம். மன்னார்த் தீவின் மக்கள் கடற்கரையில் காத்துக் கிடந்து, கிடைத்த படகுகளில் ஏறி, கற்பிட்டிக் கரையில் வந்து இறங்கினார்கள். வடக்கிலிருந்து துரத்தப்பட்ட ஏறத்தாழ 75,000 பேரில் பெரும்பகுதியினருக்கு அடைக்கலம் கொடுத்தது புத்தளம் மாவட்டம். உள்ளூர் மக்கள் பாடசாலைகளையும் பள்ளிவாசல்களையும் தங்கள் வீட்டு முற்றங்களையும் திறந்துவிட்டார்கள். கிடுகுகளைக் கட்டித் தற்காலிகக் கொட்டில்கள் எழுந்தன. நான் இரண்டு நாட்கள் அங்கே தங்கி, ஒரு கொப்பி நிறையக் குறிப்புகளுடன் கொழும்பு திரும்பினேன். அது நான்கு அங்குலச் செய்தியாக, உள்பக்கத்தில், ஒரு சவர்க்கார விளம்பரத்தின் கீழே வெளிவந்தது. அந்த நாட்களின் பத்திரிகை நெருக்கடிகளையும் அச்சங்களையும் நான் அறிவேன். எனினும் அந்த நான்கு அங்குலத்துக்கு நானும் பொறுப்பாளி. எதிர்த்து ஒரு வார்த்தை நான் பேசவில்லை.

பணி ஓய்வு பெற்றபின் அண்மையில் மீண்டும் அப்பக்கம் சென்றிருந்தேன். குறிஞ்சிப்பிட்டியில் ஒரு வீட்டில் தேநீர் தந்தார்கள். மன்னாரிலிருந்து 1990 இல் படகில் வந்த ஒரு முதிய பெண்மணி அந்த வீட்டில் இருந்தார். நான் அவரை ராத்தா என்று அழைத்தேன். பத்திரிகைக்காரன் என்று அறிந்ததும் அவர் குறை சொல்லவில்லை, கோபப்படவில்லை. ஒரு கேள்வி கேட்டார்.

"தம்பி, கமராவத் தூக்கிட்டு எத்தனையோ பேர் வந்தாங்க. வந்த வருஷமே வந்தாங்க. சமாதானம் எண்டு சொன்ன காலத்திலயும் வந்தாங்க. சண்ட முடிஞ்ச பொறகும் வந்தாங்க. புடிச்ச படத்த ஒருத்தரும் கொண்டுவந்து காட்டல்லையே?"

பிறகு சொன்னார்: "என்ட மாப்புள அதுல நல்லாப் பேசினவரு. அவரு மவுத்தாகிப் பதினாறு வருஷம். அந்தக் குரல ஒருக்காக் கேக்கணும்."

இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியினால் எழுந்தது. ஒரு சிற்றூரில், அந்த ஊர் மக்களுக்காக, ஆவணப்பட விழா ஒன்றை நடத்துவதால் என்ன பயன் என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு கலை இலக்கியக் கூட்டத்தில் என்னிடமே ஒருவர் கேட்டார். உலகப் படங்களைப் பார்க்கவேண்டுமாயின் கொழும்புக்கு வரட்டுமே, அல்லது கைத்தொலைபேசியில் பார்க்கட்டுமே என்றார். அன்று எனக்குச் சரியான பதில் வாயில் வரவில்லை. இப்போது வரலாற்றின் துணையுடன் சொல்லிப்பார்க்கிறேன்.

நாங்கள் பத்திரிகைக்கு வந்த காலத்தில் இலங்கையில் இவ்வகைப் படத்துக்கு விவரணச் சித்திரம் என்று பெயர். பின்னர்தான் ஆவணப்படம் என்ற சொல் வழக்குக்கு வந்தது. இரண்டாவது சொல்லே எனக்கு உவப்பானது. விவரணம் யாரும் யாரைப் பற்றியும் செய்யலாம். ஆவணம் என்றால் அதற்கு உரியவர் ஒருவர் வேண்டும். காணி உறுதியும் ஓர் ஆவணம்தானே! வடக்கிலிருந்து வந்தவர்களில் எத்தனையோ பேர் தங்கள் காணி உறுதிகளைக்கூட எடுக்க முடியாமல் புறப்பட்டவர்கள். ஆவணம் பிறர் கையில் இருப்பதன் வேதனையை அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

இந்தக் கரையைப் பற்றி எழுதிவைத்தவர்கள் பழங்காலந்தொட்டே இருக்கிறார்கள். 1344 இல் இப்னு பதூதா வந்திறங்கிய பத்தாலா என்ற துறைமுகம் புத்தளமே என்பது பொதுவாக ஏற்கப்படும் கருத்து. அவர் வந்து போனவர். ஆனால் 1807 இல் கற்பிட்டியிலேயே பிறந்த சைமன் காசிச்செட்டி இந்த மண்ணின் பிள்ளை. 1834 இல் இலங்கையின் ஊர்களையும் ஆறுகளையும் மக்களையும் அகரவரிசையில் தொகுத்து ஒரு பெரும் நூலை வெளியிட்டார். 1859 இல் தமிழ்ப் புலவர்களின் வரலாற்றைத் திரட்டி 'தமிழ் புளூட்டாக்' என்ற நூலைத் தந்தார். ஒரு கடற்கரைச் சிற்றூர்க்காரர், அதுவும் 27 வயதில், முழுத் தீவையும் ஆவணப்படுத்த முனைந்தமையை எண்ணினால் இன்றும் பெருமிதம் உண்டாகின்றது. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ளவேண்டும். அவர் இவ்விரு நூல்களையும் ஆங்கிலத்தில் எழுதினார். அவர் யாரைப் பற்றி எழுதினாரோ அந்தக் களப்புக்கரை மீனவருக்கு அவை போய்ச்சேரவில்லை. ராத்தாவின் கேள்வி அப்போதே இருந்திருக்கிறது, கேட்பதற்குத்தான் ஆளில்லை.

திரைப்படத்துக்கு வருவோம். இலங்கையைப் பற்றி எடுக்கப்பட்ட ஆவணப்படங்களுள் உலகப்புகழ் பெற்றது பசில் ரைட் இயக்கிய 'சோங் ஒவ் சிலோன்'. ஆண்டு 1934. ஜோன் கிரியர்சன் தயாரிப்பு. பணம் கொடுத்தது இலங்கைத் தேயிலைப் பிரசார சபை. எமது நாட்டின் லயனல் வென்ட், 17 ஆம் நூற்றாண்டில் கண்டி இராச்சியத்தில் சிறைப்பட்டிருந்த ரொபர்ட் நொக்ஸின் வாசகங்களைத் தமது குரலில் படிக்கிறார். மறுவருடம் பிரசல்ஸ் திரைப்பட விழாவில் அதற்கு முதற்பரிசு கிடைத்தது. அழகான படம், ஐயமில்லை. ஒலியையும் காட்சியையும் அது இணைத்த விதம் இன்றும் திரைப்படக் கல்லூரிகளில் பாடம். ஆயினும் தேயிலைக்காரர் பணத்தில் உருவான அந்தப் படத்தில் தேயிலை பறித்த கைகளுக்குரிய எவரும் தம் கதையைத் தாமே சொல்வதில்லை. பிரசல்ஸ் பார்த்தது, இலண்டன் பார்த்தது. தோட்டத்து லயங்களில் யார் அதைப் பார்த்திருப்பார்கள்?

அதே 1934 இல் அயர்லாந்துக்கு மேற்கேயுள்ள அரன் தீவுகளில் ரொபர்ட் பிளாஹெர்ட்டி 'மேன் ஒவ் அரன்' என்ற படத்தை எடுத்து வெளியிட்டார். மீனவர் வாழ்வைப் பற்றிய படம் என்பதால் நமது கரையோர மக்களுக்கு அது நெருக்கமானது. அதில் தீவு மக்கள் சிறு படகில் சென்று பென்னம்பெரிய சுறாவை எறியீட்டியால் வேட்டையாடும் காட்சி உண்டு. மெய்சிலிர்க்கும். ஆனால் படம் எடுத்த காலத்தில் அந்த வேட்டை அங்கே வழக்கொழிந்து பல பத்தாண்டுகள் கடந்திருந்தன. படத்துக்காக அந்த மீனவர்களுக்கு அதைப் புதிதாகக் கற்பிக்கவேண்டியிருந்தது! பட்டணத்துத் திரையரங்கில் இருந்தவர்களுக்கு இது எப்படித் தெரியும்? ஒரு கரையோரக் கிராமத்தில் திரைகட்டி இப்படியொரு படத்தைக் காட்டினால், முன்வரிசையில் இருக்கும் கிழவர் ஒருவர் எழுந்து, எங்கள் அப்பன்கூட இதைச் செய்ததில்லையே என்று சொல்லிவிடுவார். உள்ளூர் விழாவின் முதற்பயனாக நான் கருதுவது இந்தக் கிழவரைத்தான். பரிசளிக்கும் நடுவர் குழுவில் எத்தனை நிபுணர்கள் இருந்தாலும் அவருக்கு ஈடாகமாட்டார்கள்.

சுதந்திரம் கிடைத்த 1948 இல் இலங்கை அரசாங்கத் திரைப்படப் பிரிவு தொடங்கப்பட்டது. ஆரம்பத்தில் இத்தாலியரான ஜூலியோ பெட்ரோனி போன்றோரும் பின்னர் ஆங்கிலேயரான ரால்ப் கீனும் அதை வழிநடத்தினார்கள். லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் அங்கேதான் கைபழகினார். 1956 இல் 'ரேகாவ' மூலம் சிங்களத் திரைப்படத்தை ஸ்ரூடியோச் சுவர்களுக்கு வெளியே கொண்டுவந்த அவருக்கு, வரண்ட வலயத்தின் மலேரியாவையும் வீதிப் பாதுகாப்பையும் பற்றி எடுத்த சிறுபடங்களே பள்ளிக்கூடமாக அமைந்தன. நீர்கொழும்பு மீனவரைப் பற்றியும் அப்பிரிவு ஐம்பதுகளில் ஒரு படம் எடுத்தது. திரையரங்குகளில் பிரதான படத்துக்கு முன்னர் அரசாங்கச் செய்திப்படம் ஓடும். அமைச்சர் நாடா வெட்டுவார், அணைக்கட்டில் நீர் பாயும், நாங்கள் கடலை கொறித்துக்கொண்டு எம்.ஜி.ஆர். வருவதற்காகக் காத்திருப்போம். நாட்டைப் பற்றிய படம் என்றால் அது அரசாங்கத்தின் குரல் என்றே ஒரு தலைமுறை நம்பிற்று.

எழுபதுகள் கடந்து வீடியோ வந்தது. அரசாங்கத்தின் இடத்தை மெல்ல மெல்ல அரச சார்பற்ற நிறுவனங்கள் எடுத்துக்கொண்டன. 2002 போர்நிறுத்தத்தின் பின்னரும் 2004 ஆழிப்பேரலையின் பின்னரும் எமது கரைகளில் கமராக்கள் மொய்த்தன. நல்ல நோக்கத்துடன் வந்தவர்கள் பலர், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் படங்கள் நிதி வழங்கியவர்களுக்கான அறிக்கையின் ஓர் இணைப்பாகவே பெரும்பாலும் முடிந்தன. முகாமில் எடுத்து, தலைநகரில் வெட்டி ஒட்டி, ஐரோப்பிய நகரமொன்றின் கருத்தரங்கில் இருபது நிமிடம் காட்டிவிட்டு அலுமாரியில் வைத்துவிடுவார்கள். திட்டம் முடிந்தால் அலுவலகமும் மூடப்படும். அலுமாரி எங்கே போயிற்று என்று யாருக்குத் தெரியும்? ராத்தாவின் கணவர் பேசிய நாடாவும் இப்படியோர் அலுமாரியில்தான் போயிருக்கவேண்டும்.

படம் தொலைவது சிறிய மனிதர்களுக்கு மட்டும் நேர்வதன்று. ஏ.கே. செட்டியாரின் கதையை வாசகர்கள் அறிந்திருப்பார்கள். 1937 ஒக்டோபரில் நியூயோர்க்கிலிருந்து டப்ளினுக்குச் செல்லும் கப்பலில் அவருக்குக் காந்தியடிகளைப் பற்றி ஒரு படம் எடுக்கும் எண்ணம் உதித்தது. ஏறத்தாழ ஒரு இலட்சம் மைல் அலைந்து, பலநாட்டுக் கமராக்காரர்கள் எடுத்துவைத்திருந்த 50,000 அடி படச்சுருளைத் திரட்டி, அதிலிருந்து 12,000 அடிப் படத்தைத் தொகுத்து 1940 இல் தமிழில் வெளியிட்டார். தமிழில் ஆவணப்படம் என்றால் முதலில் சொல்லவேண்டிய பெயர் அவருடையது. அத்தனை பாடுபட்டு உருவாக்கிய அந்தத் தமிழ்ப் படத்தின் மூலப்பிரதி பின்னாளில் கிடைக்காமற் போயிற்று. 1953 இல் அமெரிக்காவில் வெளியான ஆங்கில வடிவத்தின் பிரதியொன்றையே பல ஆண்டுகள் கழித்து அமெரிக்கப் பல்கலைக்கழகமொன்றின் சேகரிப்பில் ஆய்வாளர் ஆ.இரா. வேங்கடாசலபதி கண்டறிந்தார். உலகம் அறிந்த ஒரு மனிதரைப் பற்றிய படத்துக்கே இந்தக் கதி. ஆண்டுதோறும் எங்கோ ஓரிடத்தில் காட்டப்படும் படத்துக்குப் பிரதி இருக்கும். கேட்பாரற்ற படத்தைக் கறையான் கேட்கும்.

இனி விழாக்கள். ஜப்பானின் வடபகுதியில் யமகட்டா என்றொரு நகரம். நெல்லும் பழமும் விளையும் பிரதேசம். தலைநகர் தோக்கியோவிலிருந்து தொலைவு. அந்த மாவட்டத்தின் மகினோ என்ற கிராமத்துக்கு 1970களின் நடுப்பகுதியில் ஒகாவா ஷின்ஸுக்கே என்ற இயக்குநர் தமது குழுவுடன் குடிவந்தார். அதற்குமுன் நரிட்டா விமான நிலையத்துக்காக நிலம் பறிக்கப்பட்ட விவசாயிகளின் போராட்டத்தைப் படமெடுத்தவர் அவர். மகினோவில் அவர்கள் தாமே நெல் விதைத்து, அறுவடை செய்து, அந்த மக்களுடன் ஒரு தசாப்தத்துக்கு மேல் வாழ்ந்தார்கள். 1986 இல் வெளிவந்த அவர்களது நீண்ட படத்தில் ஊர்மக்களே தங்கள் ஊரின் பழைய கதைகளை நடித்துக் காட்டுகிறார்கள். மூன்று ஆண்டுகள் கழித்து யமகட்டா நகரசபை தனது நூற்றாண்டைக் கொண்டாட எண்ணியபோது, ஒகாவாவின் தூண்டுதலில் சர்வதேச ஆவணப்பட விழா ஒன்றைத் தொடங்கிற்று. 1989 இலிருந்து இரண்டாண்டுக்கொரு முறை அது நடக்கிறது. ஆசியாவில் ஆவணப்படத்துக்கென்றே பிறந்த முதல் சர்வதேச விழா ஒரு தலைநகரில் தொடங்கவில்லை என்பதைக் கவனியுங்கள். எமது நகரசபைகள் நூற்றாண்டு வந்தால் வளைவு கட்டும், மலர் வெளியிடும். மலரின் முதல் முப்பது பக்கம் வாழ்த்துச் செய்திகளாக இருக்கும்.

தமிழ் நிலத்தில் இதற்கு நிகராக நான் சொல்லக்கூடியது மதுரை. 1998 இல் ஆர்.பி. அமுதனும் நண்பர்களும் அங்கே சர்வதேச ஆவணப்பட, குறும்பட விழாவைத் தொடங்கினார்கள். பெரிய அனுசரணையாளர்கள் இல்லை, நட்சத்திரங்கள் இல்லை. பாபர் மசூதி இடிக்கப்பட்ட நாளும் அம்பேத்கர் மறைந்த நாளுமான டிசம்பர் 6 ஐயே பல ஆண்டுகள் விழாவின் தொடக்க நாளாக வைத்தார்கள். இந்த நாட்தெரிவிலேயே அவர்களது நோக்கம் விளங்கும். அமுதன் 2003 இல் எடுத்த 'பீ' என்ற படத்தை நான் பார்த்திருக்கிறேன். மதுரையில் கோயிலொன்றின் அருகேயுள்ள தெருவில் மனித மலத்தை அள்ளும் துப்புரவுத் தொழிலாளியான ஒரு பெண்ணை அது பின்தொடர்கின்றது. கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் சட்டம் இந்தியாவில் இயற்றப்பட்டது 1993 இல். சட்டம் வந்து பத்தாண்டுகள் கழித்தும் அந்தத் தெரு அப்படியே இருந்தது. வேறு நகரத்தவர் அந்தப் படத்தைப் பார்த்தால் பரிதாபப்படலாம், போய்விடலாம். மதுரைக்காரர் பார்த்தால் தெரு தெரிந்துவிடும். காலையில் அந்த வழியாகத்தான் அலுவலகம் போகவேண்டியிருக்கும். ஊரில் திரையிடுவதற்கும் உலகில் திரையிடுவதற்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

அரசாங்க விழாக்கள் எப்போது வேண்டுமானாலும் கதவைச் சாத்தலாம் என்பதற்கும் சான்று உண்டு. மும்பாய் சர்வதேச விழாவுக்கு இந்தியப் படங்கள் தணிக்கைச் சான்றிதழுடன் வரவேண்டும் என்று 2003 இல் விதித்தார்கள். இயக்குநர்கள் ஒன்றுகூடி எதிர்த்ததும் விதியைத் திரும்பப் பெற்றார்கள். பின்னர் தெரிவின்போது குஜராத் வன்முறையைப் பற்றிய ராகேஷ் சர்மாவின் 'பைனல் சொலூஷன்' உட்படப் பல படங்கள் தட்டிக்கழிக்கப்பட்டன. 2004 பெப்ரவரியில் அதே நகரில், விழா மண்டபத்துக்கு எதிரேயே, 'விகல்ப்' என்ற மாற்று விழாவை இயக்குநர்கள் நடத்தினார்கள். எங்கள் நாட்டிலும் 1912 ஆம் ஆண்டின் பொது அரங்காட்டுகைக் கட்டளைச் சட்டம் இன்னும் உயிருடன் இருக்கின்றது. மலேசியாவில் நடந்தது இதனினும் கடுமை. இலங்கைப் போரின் இறுதிக் கட்டத்தைப் பற்றிய கலம் மக்ரேயின் 'நோ ஃபயர் ஸோன்' படத்தை 2013 ஜூலையில் கோலாலம்பூரில் திரையிட்டமைக்காக லீனா ஹென்றி என்ற மனித உரிமைப் பணியாளர் மீது வழக்குத் தொடரப்பட்டது. 2017 இல் அவர் குற்றவாளியெனக் காணப்பட்டு 10,000 ரிங்கிற் தண்டப்பணம் விதிக்கப்பட்டார். ஒரு மண்டபத்தில் ஒரு படத்தைக் காட்டியதற்கு நான்கு ஆண்டுகள் நீதிமன்ற வாசல்! படங்கள் பயனற்றவையாயின் அரசுகள் இவ்வளவு அஞ்சுவானேன்?

அரசுகள் மட்டுமா அஞ்சுகின்றன? இதைச் சொல்லத் தயங்கினேன், எனினும் சொல்லாமல் விடுவது நேர்மையன்று. அனோமா ராஜகருணாவின் முயற்சியால் 2015 இல் யாழ்ப்பாண சர்வதேச சினிமா விழா தொடங்கியபோது மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். 1981 இல் நூலகம் எரிக்கப்பட்ட ஊர் அது. அந்த எரிப்பைப் பற்றிச் சோமிதரன் 2008 இல் 'எரியும் நினைவுகள்' என்ற படத்தைத் தந்திருந்தார். தீயினால் ஆவணங்களை இழந்த நகரத்துக்கு ஒரு திரைப்பட விழா வருவது பொருத்தமல்லவா? ஆனால் 2017 இல், அதே ஆண்டு கான் விழாவில் சிறப்புத் திரையிடலாகக் காட்டப்பட்ட ஜூட் ரட்ணத்தின் 'டீமன்ஸ் இன் பரடைஸ்' என்ற ஆவணப்படம், யாழ்ப்பாணத்தில் எழுந்த எதிர்ப்பினால் அவ்விழாவில் திரையிடப்படாமல் கைவிடப்பட்டது. தமிழ் இயக்கங்கள் தமக்குள்ளும் தமது மக்கள் மீதும் நிகழ்த்திய வன்முறையைப் பற்றி ஒரு தமிழரே எடுத்த படம் அது. அதன் பார்வையில் எனக்கும் சில உடன்பாடின்மைகள் உண்டு. ஆனால் உடன்பாடின்மையைப் படம் முடிந்தபின் ஒலிவாங்கியைப் பிடித்தல்லவா சொல்லவேண்டும்? எம்மைச் சுட்டவர்களைப் பற்றிய படத்தைத் தடைசெய்தால் தணிக்கை என்கிறோம், நாம் சுட்டதைப் பற்றிய படத்தை நிறுத்தினால் அதற்கு வேறு பெயர் தேடுகிறோம். 1990 இல் எனது நான்கு அங்குலமும் இந்த வகையைச் சேர்ந்ததே.

ஆகவே குறிஞ்சிப்பிட்டியிலோ கற்பிட்டிக் குடாநாட்டின் வேறோர் ஊரிலோ ஒரு விழா நடந்தால் அதுவும் சண்டையில்லாத விழாவாக இருக்கும் என்று நான் சொல்லமாட்டேன். அங்கே பேசப்படாதவை நிறைய உண்டு. வந்தவர்களுக்கு இடங்கொடுத்த உள்ளூர் மக்களின் கதையை யாரும் படமெடுக்கவில்லை. கிணற்று நீரையும் காணியையும் பாடசாலை இடத்தையும் பல்கலைக்கழக அனுமதியையும் பங்கிட்டவர்கள் அவர்கள். கமரா எப்போதும் அகதிக் கொட்டிலையே தேடிப்போயிற்று, அடுத்த வீட்டை எட்டிப்பார்க்கவில்லை. அந்த மனத்தாங்கல் இன்றும் இருக்கிறது. 2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் அன்ரன் பாலசிங்கம் வெளியேற்றத்துக்கு வருத்தம் தெரிவித்தார். 2011 இல் பிரஜைகள் ஆணைக்குழுவொன்று விரிவான அறிக்கையைத் தந்தது. அவை கொழும்பிலும் கிளிநொச்சியிலும் நடந்தவை. மன்னாரில் பிறந்து புத்தளத்தில் மூப்படைந்தவர்கள் ஒவ்வொருவராக விடைபெறுகிறார்கள். புத்தளத்திலேயே பிறந்த அவர்களது பேரப்பிள்ளைகளுக்கு எருக்கலம்பிட்டி ஒரு பெயர் மாத்திரமே.

இன்னும் இருக்கின்றன. நுரைச்சோலை அனல் மின்நிலையத்தின் முதல் அலகு 2011 இல் இயங்கத் தொடங்கி, 2014 இல் மூன்று அலகுகளுமாக 900 மெகாவாற் ஆனது. அதைப் பற்றித் திறப்புவிழாப் படங்கள் உண்டு. அதன் அயலில் வெங்காயமும் மிளகாயும் பயிரிடுபவர் அதைப் பற்றி என்ன சொல்கிறார்? 2017 ஏப்ரலில் மீதொட்டமுல்லையில் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டபின், கொழும்பின் குப்பையைக் களப்புக்கு அப்பாலுள்ள அறுவாக்காட்டுக்குக் கொண்டுவர முனைந்தபோது, 2018 இலும் 2019 இலும் புத்தளம் மக்கள் இனபேதமின்றி வீதிக்கு வந்தார்கள். சிலர் கைத்தொலைபேசியில் எடுத்த காட்சிகள் அப்போது எங்கும் பரவின. இன்று தேடினால் எத்தனை கிடைக்கும்? நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்திலிருந்து பருவத்துக்குப் பருவம் வந்து இந்தத் தீவுகளில் வாடி போடும் கத்தோலிக்க மீனவர்களுக்கு ஒரு கதை உண்டு. தலவில் அன்னம்மாள் திருவிழாவுக்கு வரும் சனத்திரளுக்கு வேறொரு கதை. சுற்றுலாப் பயணிகளுக்காக எடுக்கப்படும் படங்களில் மட்டும் கற்பிட்டிக் கடலில் மனிதர்களே இல்லை. ஓங்கில்கள் துள்ளுகின்றன, பின்னணியில் இசை ஒலிக்கிறது, கரைவலை இழுப்பவர் தூரத்துப் புள்ளியாகத் தெரிகிறார்.

கைத்தொலைபேசியில் பார்க்கலாமே என்ற நண்பருக்கு எனது பதில் இதுதான். தனியே பார்ப்பவர் பொய்யையும் தனியே விழுங்குகிறார், துயரத்தையும் தனியே விழுங்குகிறார். முந்நூறு பேர் சேர்ந்து பார்க்கும்போது ஒருவர் எழுந்து "அது எங்கட கிணறு இல்ல" என்பார். இன்னொருவர் "அந்தப் படகு என்ட வாப்பாட" என்பார். சிங்களம் பேசும் மீனவரும் தமிழ் பேசும் மீனவரும் ஒரே திரையில் ஒரே கடலைப் பார்ப்பார்கள். அந்த ஒரு மணித்தியாலப் பேச்சைப் பதிவு செய்தாலே அது இன்னோர் ஆவணம்.

செலவும் அதிகமில்லை. ஒரு பாடசாலை மண்டபம், ஒரு வெள்ளைத் திரை, ஒரு புரொஜெக்டர், மின்சாரம் தடைப்பட்டால் ஒரு மின்பிறப்பாக்கி. தமிழிலும் சிங்களத்திலும் எழுத்துரை. நோன்பு மாதத்தையும் மீன்பிடிப் பருவத்தின் உச்சத்தையும் தவிர்த்து மூன்று நாட்கள். சினிமா என்றால் முகஞ்சுழிக்கும் பெரியவர்கள் ஊரில் இருப்பார்கள். அவர்களிடம் முதலில் போய்ப் பேசவேண்டும், படங்களை முன்கூட்டியே காட்டவேண்டும். பெண்கள் தயக்கமின்றி வரக்கூடிய நேரமும் இருக்கையும் வேண்டும். ஏனெனில் இந்தப் படங்களில் அதிகம் பேசியவர்கள் பெண்களே. இங்கே எடுக்கப்பட்ட படங்களில் எவை எவை இன்னும் எங்கெங்கே இருக்கின்றன என்று தேடிச் சேர்ப்பதுதான் கடினமான வேலை. அதைச் செய்யாமல் வெளிநாட்டுப் படங்களை மட்டும் இறக்கிக் காட்டினால் ராத்தாவின் கேள்வி அப்படியே நிற்கும்.

நான் எனக்குத் தெரிந்த சிலருக்கு எழுதிக் கேட்டேன். அந்தக் காலத்தில் அப்பகுதியில் படப்பிடிப்புக்கு வந்திருந்த ஒருவர், இப்போது ஐரோப்பாவில் வசிப்பவர், பதில் அனுப்பினார். பழைய நாடாக்கள் இரண்டு பெட்டிகள் தம்மிடம் இருப்பதாகவும், பெயரட்டைகள் அழிந்துவிட்டதாகவும், நாடா எந்த வகை, எந்த ஆண்டு, எந்தக் கமரா என்று தெரிந்தால் தேடிப்பார்ப்பதாகவும் எழுதியிருந்தார். குறிஞ்சிப்பிட்டிக்குத் தொலைபேசி எடுத்து ராத்தாவிடம் கேட்டேன். அவர் சிறிது நேரம் யோசித்தார்.

"வருஷம் நெனவில்ல தம்பி. தோளில வெச்சுப் புடிக்கிற பெரிய கமரா. அவரு நீலச் சட்ட போட்டிருந்தாரு. பின்னால கிடுகு வேலி."

அதை அப்படியே எழுதி அனுப்பியிருக்கிறேன்.